சிறிய உடல்வாகு கொண்ட இளம் டென்னிஸ் ஆட்டக்காரர் பந்தை வலுவாக அடிக்கப் பழகுவது எப்படி?

பத்து வயதுக்கும் பதினான்கு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளின் உடல் வளர்ச்சி ஒரே சீராக இருப்பதில்லை. ஒரே பிரிவில் ஆடும் இருவரில் ஒருவர் மற்றவரைவிட ஒரு தலை உயரமாகவும் பத்துக் கிலோ கூடுதல் எடையுடனும் நிற்பது சாதாரணம். சிறிய பிள்ளையின் பந்து வலையைத் தாண்டி மெதுவாக இறங்குவதைப் பார்த்ததும், ‘கையில் பலம் போதாது’ என்று பெற்றோரும் சில வேளைகளில் பயிற்சியாளரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். ஆனால் ஒரு டென்னிஸ் பந்தின் எடை 56 முதல் 59.4 கிராம்வரைதான், அதை விரட்டுவதற்குப் பெரிய புஜம் தேவையில்லை. பந்தைத் தொடும் கணத்தில் ராக்கெட்டின் தலை எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதும், பந்து ஸ்ட்ரிங்குகளின் நடுவில் படுகிறதா என்பதும்தான் அடியின் வலுவைத் தீர்மானிக்கின்றன. அந்த வேகம் காலில் தொடங்கி, இடுப்பு, தோள், முழங்கை, மணிக்கட்டு என்று வரிசையாகக் கைமாறி ராக்கெட்டின் நுனிக்குப் போய்ச் சேர வேண்டும். வரிசை கலைந்தால் பலசாலியின் அடியும் சோர்ந்துபோகும். வரிசை அமைந்தால் முப்பது கிலோ எடையுள்ள பிள்ளையின் பந்தும் எதிராளியைப் பின்னுக்குத் தள்ளும்.

அர்ஜென்டினாவின் டியேகோ ஷ்வார்ட்ஸ்மன் 170 செ.மீ. உயரமே கொண்டவர். 2020-இல் ரோம் நகரில் ரஃபேல் நடாலை வீழ்த்தி இறுதிப் போட்டிவரை சென்ற அவர், அதே ஆண்டு பிரெஞ்சு ஓபனில் அரையிறுதி ஆடி, உலகத் தரவரிசையில் 8-ஆம் இடத்தையும் எட்டினார். இத்தாலியின் ஜாஸ்மின் பவோலினி 163 செ.மீ. உயரத்தோடு 2024-இல் பிரெஞ்சு ஓபன், விம்பிள்டன் ஆகிய இரண்டிலும் இறுதிக்கு முன்னேறினார். 167 செ.மீ. உயரமுள்ள பெல்ஜியத்தின் ஜஸ்டின் ஹெனின், ஒற்றைக் கை பேக்ஹேண்டோடு (ராக்கெட் பிடித்த கையின் மறுபக்கம் வரும் பந்தை அடிப்பது) ஏழு கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டங்களை வென்றார். மூவருமே பந்தைச் சீக்கிரம் எடுத்து, முழு உடலையும் அடிக்குள் கொண்டுவந்து ஆடியவர்கள். நம்மவரான ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 ஆகிய ஆண்டுகளில் விம்பிள்டன் அரையிறுதிவரை சென்றது வேறு வழியில். மென்மையான கைநுட்பமும் பந்து போகும் இடத்தின் துல்லியமும் அவருடைய ஆயுதங்கள். அந்த மரபைப் பெருமையோடு சொல்லிக்கொண்டு, உயரம் குறைந்த பிள்ளை என்றாலே ‘டச்’ ஆட்டத்துக்கு ஒதுக்கிவிடும் பயிற்சியாளர்கள் இன்றும் உண்டு. மர ராக்கெட் காலத்தில் அது செல்லுபடியாகியிருக்கலாம். இன்றைய ராக்கெட்டுகளோடு ஆடும் பிள்ளைக்குக் கைநுட்பம் கூடுதல் பலமாக இருக்கட்டும். அடிக்கத் தெரியாமல் இருப்பதற்கு அது சமாதானம் ஆகாது.

தூக்கி அடித்து வெல்லும் பழக்கம்

சின்னப் பிள்ளைகளின் வலுவைக் கெடுப்பதில் முதலிடம் பெறுவது, எதிராளியின் தலைக்கு மேலே பந்தை உயரத் தூக்கிவிட்டுத் தவறுக்காகக் காத்திருக்கும் ஆட்டம்தான். பன்னிரண்டு வயதுப் பிரிவில் இது கோப்பைகளைக் கொண்டுவரும் என்பதில் சந்தேகமில்லை. எதிரே நிற்பவரும் குள்ளமாக இருப்பதால் தோளுக்கு மேல் எழும்பும் பந்தை அவரால் அடிக்க முடிவதில்லை. இரண்டு ஆண்டுகளில் எதிராளிகள் வளர்ந்துவிடுகிறார்கள். அதே பந்தை அவர்கள் மேலிருந்து அறையத் தொடங்கும்போது, தூக்கி ஆடியே பழகிய பிள்ளையிடம் வேகமான ஒரு சுழற்சிகூட மிச்சமிருப்பதில்லை. ஆகவே வெற்றி தோல்வியை ஒருபுறம் வைத்துவிட்டு, முழு வீச்சோடு ராக்கெட்டைச் சுழற்றும் பழக்கத்தை இந்த வயதிலேயே விதைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வேகமாகச் சுழற்றத் தெரிந்த பிள்ளைக்குப் பந்தைக் கோர்ட்டுக்குள் அடக்கக் கற்றுத்தர முடியும். தள்ளியே பழகிய பிள்ளையைப் பதினைந்து வயதில் சுழற்ற வைப்பது அதைவிடப் பல மடங்கு கடினம்.

இதற்கு எளிய பயிற்சி ஒன்று உண்டு. பயிற்சியாளர் கையால் பந்தைத் தட்டிக்கொடுக்க, பிள்ளை அதை அடிக்க வேண்டும். பந்து எதிர்ப்பக்கம் ஒருமுறை மட்டும் தரையில் பட்டு, பின்வேலியில் மோத வேண்டும். முதல் சில நாள்களில் பாதிப் பந்துகள் கோர்ட்டுக்கு வெளியே போகும். போகட்டும். வேலியில் மோதும் சத்தம் வாடிக்கையானபின், ராக்கெட்டைக் கீழிருந்து மேல்நோக்கிக் கூடுதலாகத் துடைத்து டாப்ஸ்பின் எனப்படும் முன்னோக்கிய சுழலை ஏற்றி, அதே வேகத்தோடு பந்தைக் கோட்டுக்குள் இறக்கச் சொல்ல வேண்டும். வேகத்தைக் குறைத்து உள்ளே வைப்பதற்கும் சுழலைக் கூட்டி உள்ளே வைப்பதற்கும் இடையில்தான் எதிர்காலமே இருக்கிறது.

ராக்கெட், ஸ்ட்ரிங், பந்து

அப்பாவின் பழைய ராக்கெட்டையோ, ‘வளர்ந்ததும் உதவும்’ என்று வாங்கிய முழு அளவு 27 அங்குல ராக்கெட்டையோ ஒன்பது வயதுப் பிள்ளையிடம் கொடுப்பதைப் பல இடங்களில் காணலாம். கனமான ராக்கெட் பந்தைத் திடமாக எதிர்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் அதைச் சுழற்றவே திணறும் பிள்ளை பந்தை உடலுக்குப் பின்னால் தாமதமாகத் தொடும், முழங்கையை மடக்கிக்கொண்டு தோளால் தள்ளும். சிறார் ராக்கெட்டுகள் 19, 21, 23, 25, 26 அங்குலம் என்று படிப்படியாகக் கிடைக்கின்றன. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பயிற்சியின் கடைசிப் பத்து நிமிடத்திலும் பந்தை உடலுக்கு முன்னால் தொட முடிகிற ராக்கெட்டுகளில் எது அதிகக் கனமோ அதுவே சரியான தேர்வு. 25, 26 அங்குல அளவுகளுக்கு வந்தபின் அலுமினியத்தை விட்டு கிராஃபைட் ராக்கெட்டுக்கு மாறுவது நல்லது. கைக்கு வரும் அதிர்வு குறையும், அடி திடமாக இருக்கும். கைப்பிடி தடிமனாக இருந்தால் பிள்ளை அதை இறுக்கிப் பிடித்தே ஆடும் என்பதையும் கடையிலேயே கவனித்துக்கொள்ள வேண்டும்.

ஸ்ட்ரிங் விஷயத்தில் தொலைக்காட்சியில் பார்க்கும் வீரர்களைப் பின்பற்றக் கூடாது. பாலியெஸ்டர் ஸ்ட்ரிங் விறைப்பானது. மிக வேகமாகச் சுழற்றுபவர்களுக்குப் பந்தை அடக்க அது உதவும். அந்த வேகம் இல்லாத பிள்ளைக்கு அது வலுவையும் தராது, முழங்கையையும் நோகடிக்கும். மல்டிஃபிலமென்ட் அல்லது சிந்தெடிக் கட் ஸ்ட்ரிங்கை, தயாரிப்பாளர் ராக்கெட்டில் அச்சிட்டிருக்கும் அளவின் கீழ்ப்பகுதியையொட்டிய இழுவிசையில் கட்டினால் பந்து இன்னும் ஆழமாகப் போய் விழும்.

பந்தும் முக்கியம். சாதாரண மஞ்சள் பந்தைவிட சிவப்புப் பந்து சுமார் 75 சதவீதமும், ஆரஞ்சுப் பந்து 50 சதவீதமும், பச்சைப் புள்ளிப் பந்து 25 சதவீதமும் மெதுவானவை என்று சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு வகுத்திருக்கிறது. அவை குறைவாக எழும்புவதால் பிள்ளையின் இடுப்பு உயரத்தில் வந்து நிற்கும். மஞ்சள் பந்தை அவசரப்பட்டுக் கொடுத்தால் தோள் உயரப் பந்துகளைச் சமாளிக்கப் பிள்ளை தானாகவே கையைக் கைப்பிடிக்கு அடியில் கொண்டுபோய், மிகையான வெஸ்டர்ன் கிரிப் என்ற பிடிக்குப் பழகிவிடும். பிற்பாடு தாழ்வான பந்துகளிலும் வேகமான தளங்களிலும் அந்த கிரிப் காலை வாரிவிடும். பச்சைப் பந்தோடு கூடுதலாக ஆறு மாதம் ஆடுவதை இழுக்காக நினைக்கும் பெற்றோர்தான் அதிகம். அதனால் இழப்பு எதுவும் இல்லை.

ஃபோர்ஹேண்ட்

ராக்கெட் பிடித்த கையின் பக்கம் வரும் பந்தை அடிப்பதே ஃபோர்ஹேண்ட். வலக்கை ஆட்டக்காரரை மனத்தில் வைத்துச் சொல்கிறேன். இடக்கைப் பிள்ளைகள் திசையை மாற்றிக்கொள்ளலாம்.

எதிராளி பந்தை அடிக்கும் தருணத்தில் பிள்ளையின் இரு கால்களும் தரையிலிருந்து சற்றே எழும்பி, முன்பாதங்களின் மீது இறங்க வேண்டும். ஸ்ப்ளிட் ஸ்டெப் எனப்படும் இந்தத் துள்ளல் தொடைத் தசைகளை நீட்டித் தயார்நிலையில் வைக்கிறது. இது இல்லாமல் தொடங்கும் ஓட்டம் எப்போதும் அரை அடி பின்தங்கியே இருக்கும். அடுத்து, ராக்கெட்டைக் கையால் மட்டும் பின்னுக்கு இழுக்காமல், இடக்கையும் ராக்கெட்டின் கழுத்தைப் பிடித்திருக்க, தோள்கள் இரண்டும் ஒன்றாகப் பக்கவாட்டில் திரும்ப வேண்டும். இடத்தோள் வலையை நோக்கி நிற்கும்போது முகவாய் அதன்மேல் படியும் அளவுக்குத் திருப்பம் இருந்தால் போதுமானது. திருப்பத்தின் முடிவில் உடல் எடை வலக்காலில் இறங்கி, முழங்கால் மடங்கியிருக்க வேண்டும்.

இங்கிருந்துதான் வலு பிறக்கிறது. வலக்கால் தரையைத் தள்ள, இடுப்பு முதலில் வலையை நோக்கித் திரும்பத் தொடங்கும். அந்த நொடியில் தோள் இன்னும் பின்னாலேயே இருக்கும். இடுப்புக்கும் தோளுக்கும் இடையில் உண்டாகும் இந்த முறுக்கைப் பிள்ளைகள் சொல்லிப் புரிந்துகொள்வதில்லை. ஆகவே ஒரு கிலோ எடையுள்ள மெடிசின் பாலை (கனமான பயிற்சிப் பந்தை) இரு கைகளாலும் பிடித்து, ஃபோர்ஹேண்ட் நிலையில் நின்று, சுவரை நோக்கிப் பக்கவாட்டில் வீசச் சொல்ல வேண்டும். கையால் மட்டும் வீசினால் பந்து காலடியிலேயே விழும். இடுப்பைத் திருப்பி வீசினால்தான் சுவரை எட்டும் என்பது இரண்டு வீச்சுகளில் பிள்ளைக்கே பிடிபட்டுவிடும். ஆறு அல்லது எட்டு வீச்சுகள் முடிந்த கையோடு ராக்கெட்டை எடுத்துப் பந்தை அடிக்கச் செய்தால் அந்த உணர்வு அடியிலும் தங்கும்.

கை தளர்ந்திருப்பது அடுத்தது. வேலிக்கு வெளியே நின்று ‘இன்னும் வேகமா அடி!’ என்று யாராவது கத்தும்போது பிள்ளை செய்வதைச் சற்றுக் கூர்ந்து பாருங்கள்: விரல்கள் கைப்பிடியை நெரிக்கும், தோள் காதை நோக்கி ஏறும், பற்கள் கடிபடும், ராக்கெட்டின் வேகம் குறையும். இறுகிய தசை வேகமாக அசையாது. பிடியின் இறுக்கத்தை ஒன்று முதல் பத்துவரை மதிப்பிடச் சொன்னால், சுழற்சி தொடங்கும்போது அது மூன்று அல்லது நான்கைத் தாண்டக் கூடாது. பந்து படும் கணத்தில் கை தானாகவே தேவையான அளவு இறுகிக்கொள்ளும். தளர்ந்த மணிக்கட்டோடு கை முன்னால் வரும்போது ராக்கெட்டின் தலை சற்றுப் பின்தங்கி, பிறகு சாட்டை சொடுக்குவதுபோல் முந்திக்கொண்டு வரும்.

அந்தச் சொடுக்கு சரியான இடத்தில் நிகழ்கிறதா என்பதைக் காதால் சோதிக்கலாம். ராக்கெட்டைத் தலைகீழாகப் பிடித்து, அதாவது கழுத்துப் பகுதியைக் கையில் வைத்துக்கொண்டு, கைப்பிடி வெளியே நீட்டியிருக்க ஃபோர்ஹேண்டைச் சுழற்றச் சொல்லுங்கள். காற்றைக் கிழிக்கும் ‘விஷ்’ என்ற ஒலி உடலுக்குப் பின்னால் கேட்டால் வேகம் வீணாகிவிட்டது என்று பொருள். பந்தைத் தொட வேண்டிய இடத்தில், இடக்கால் நுனிக்கும் சற்று முன்னால் கேட்க வேண்டும். செலவில்லாத, பந்துகூடத் தேவைப்படாத பயிற்சி இது. வீட்டு மொட்டைமாடியிலேயே செய்யலாம்.

கிரிப்பைப் பொறுத்தவரை, வெஸ்டர்ன் அளவுக்குக் கை கைப்பிடிக்கு அடியில் போகாத செமி வெஸ்டர்ன் இந்தப் பிள்ளைகளுக்குப் பொருந்தும். இடுப்பு உயரப் பந்தைத் தட்டையாகவும் அடிக்கலாம், மார்பு உயரப் பந்தில் சுழலும் ஏற்றலாம்.

பந்தைச் சீக்கிரம் எடுத்தல்

உயரம் குறைந்த ஆட்டக்காரருக்கு நான் ஒன்றே ஒன்றை மட்டும் கற்றுத்தர அனுமதி என்றால், எழும்பும் பந்தை அதன் உச்சிக்கு வருவதற்கு முன்பே அடிப்பதைத்தான் தேர்ந்தெடுப்பேன். காரணங்கள் இரண்டு. நல்ல டாப்ஸ்பின்னோடு வரும் பந்து, 140 செ.மீ. உயரப் பிள்ளையின் தலைக்கு மேலேயே எழும்பிவிடும். பின்னால் நகர்ந்து அது இறங்கக் காத்திருந்தால் அடிப்பதற்கு எஞ்சுவது வேகம் செத்த பந்தும், கோர்ட்டுக்கு இரண்டு மூன்று மீட்டர் வெளியே இருக்கும் இடமும்தான். எழும்பிக்கொண்டிருக்கும்போதே இடுப்பு அல்லது மார்பு உயரத்தில் தொட்டால், எதிராளி தந்த வேகமே திரும்பிப் போகிறது. பிள்ளை சொந்தமாகச் சேர்க்க வேண்டியது குறைவு.

இரண்டாவது காரணம் நேரம். கோர்ட்டின் பின்கோடான பேஸ்லைனுக்கு இரண்டு மீட்டர் பின்னால் நின்றவர் பேஸ்லைனிலேயே நின்று அடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பந்து வரும் வழியில் இரண்டு மீட்டரும் திரும்பும் வழியில் இரண்டு மீட்டருமாக நான்கு மீட்டர் மிச்சமாகிறது. பந்து சராசரியாக மணிக்கு 72 கி.மீ., அதாவது நொடிக்கு 20 மீட்டர் போகிறது என்றால் எதிராளிக்கு 0.2 நொடி குறைகிறது. நொடிக்கு 5 மீட்டர் ஓடக்கூடிய எதிராளியின் எட்டும் தூரத்தில் ஒரு மீட்டர் பறிபோகிறது. பந்தின் வேகத்தை ஒரு கிலோமீட்டர்கூடக் கூட்டாமலே கிடைக்கும் ‘வலு’ இது. எதிரே நிற்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தோன்றும்.

இதைப் பழக்குவதற்குப் பிள்ளையின் பின்னால், பேஸ்லைனை ஒட்டி ஒரு கயிற்றையோ பந்துக் கூடையையோ வைத்துவிட்டு, ‘இதைத் தாண்டிப் பின்னால் போகக் கூடாது’ என்று ஒரு செட் ஆடச் செய்யலாம். பின்வீச்சு சுருங்க வேண்டும் என்பதை யாரும் சொல்லத் தேவையிராது, நேரமே சுருக்கிவிடும். தோள் திருப்பம் மட்டும் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மண் தளத்தில் பந்து சில சமயம் கோணலாக எழும்பும் என்பதால் அங்கே தவறுகள் கூடுதலாக வரும். கடினத் தளத்தில் தொடங்கிவிட்டு மண்ணுக்கு வருவது எளிது. எதிராளியின் தொடக்க அடியான சர்வைத் திருப்பும்போதும் இதே முறைதான்: ஒரு காலடி முன்னால் நின்று, தோளைத் திருப்பி, ராக்கெட்டைப் பெரிதாகப் பின்னால் கொண்டுபோகாமல் பந்தை எதிர்கொள்ள வேண்டும். ஷ்வார்ட்ஸ்மன் பெரிய சர்வ் வீரர்களைத் திணறடித்தது முக்கியமாக இந்தத் திருப்புதலால்தான்.

பேக்ஹேண்ட் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இரு கை பேக்ஹேண்டே சிறிய பிள்ளைகளுக்குப் பாதுகாப்பானது. அதில் ஓட்டுநர் இடக்கை என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. இடக்கையால் மட்டும் ராக்கெட்டைப் பிடித்து, சர்வீஸ் கோட்டருகே நின்று தினமும் சில நிமிடங்கள் இடக்கை ஃபோர்ஹேண்ட் அடித்தால் பேக்ஹேண்ட் தானாகத் திடப்படும்.

சர்வ்

சர்வில் உயரம் எவ்வளவு முக்கியம் என்பதை ஒரு சிறு கணக்கு காட்டிவிடும். பேஸ்லைனிலிருந்து வலைக்கு 11.885 மீட்டர், வலையிலிருந்து சர்வீஸ் கோட்டுக்கு 6.40 மீட்டர். பந்து நேர்கோட்டில் போய்ச் சர்வீஸ் கோட்டில் விழ வேண்டுமானால், வலையைக் கடக்கும்போது அது தொடுபுள்ளி உயரத்தின் 35 சதவீதத்தில் இருக்கும். வலையின் நடு உயரம் 91.4 செ.மீ. என்பதால், தொடுபுள்ளி குறைந்தது 2.61 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். 140 செ.மீ. உயரப் பிள்ளை ராக்கெட்டை நீட்டித் தொடுவது ஏறத்தாழ 2.1 முதல் 2.2 மீட்டர்தான்; நேர்கோட்டில் அடித்தால் பந்து 75 செ.மீ. உயரத்தில் வலையில் மோதும். ஆகவே உயரம் குறைந்தவர் பந்தைக் கீழ்நோக்கி அறைவது வெறும் வீண்வேலை. பந்து சற்று மேல்நோக்கிக் கிளம்பி, புவியீர்ப்பாலும் சுழலாலும் வளைந்து இறங்க வேண்டும். வேகத்தைக் கூட்டக் கூட்டப் புவியீர்ப்புக்குக் கிடைக்கும் நேரம் குறைவதால், வேகமாக சர்வ் செய்ய விரும்பும் சிறிய ஆட்டக்காரருக்குச் சுழல் கட்டாயம்.

சுழலுக்கு கான்டினென்டல் கிரிப் வேண்டும். சுத்தியலைப் பிடிப்பதுபோல் ராக்கெட்டின் விளிம்பு தரையை நோக்கியிருக்கும் பிடி அது. தொடக்கத்தில் பந்து இடப்பக்கமாக நழுவிக்கொண்டே போகும். பிள்ளைகள் வெறுத்துப்போய்ப் பழைய பிடிக்கே, அதாவது தோசைக்கல்லைப் பிடிப்பதுபோன்ற பிடிக்கே திரும்ப ஆசைப்படுவார்கள். அந்தச் சில வாரங்களைப் பயிற்சியாளர் பொறுமையோடு கடத்த வேண்டும். மேல்நோக்கிச் சுழற்றும் உணர்வை வரவழைக்க, சர்வீஸ் கோட்டில் முழங்காலிட்டு நின்று சர்வ் செய்யும் பயிற்சி மிகவும் உதவும். முழங்காலில் நிற்பவரால் கீழ்நோக்கி அடிக்கவே முடியாது, மேலே துடைத்தால்தான் பந்து வலையைத் தாண்டும். அதன்பின் எழுந்து நின்று, படிப்படியாகப் பேஸ்லைன்வரை பின்னுக்கு வரலாம்.

சர்வின் வலு பாதிக்கு மேல் கால்களிலிருந்தும் இடுப்பிலிருந்தும் உடற்பகுதியிலிருந்தும் வருவதாக விளையாட்டு மருத்துவம் சொல்கிறது. டாஸ் போடும் கை, அதாவது பந்தை மேலே எறியும் கை, மேலே நீண்டிருக்கும்போது முழங்கால்கள் மடங்க, இடது இடுப்பு சற்று முன்தள்ள, இடத்தோள் வானைப் பார்த்து வலத்தோள் தாழ்ந்திருக்க வேண்டும். பிறகு கால்கள் தரையைத் தள்ளும்போது தோள்கள் இடம் மாறும். கடைசியில் மேற்கை உள்நோக்கிச் சுழன்று, உள்ளங்கை வெளிப்புறமாகத் திரும்பும். இந்தக் கடைசிச் சுழற்சிதான் ராக்கெட் வேகத்தின் பெரும்பங்கைத் தருகிறது. அது வீசும் அசைவில் இயல்பாகவே இருக்கிறது. மாமரத்தில் கல்லெறிந்து வளர்ந்த பிள்ளைக்கு இதைக் கற்பிக்க வேண்டியதே இல்லை. அடுக்குமாடியில் வளரும் பிள்ளைக்குக் கல்லும் மரமும் வாய்ப்பதில்லை என்பதால், பயிற்சிக்கு முன் பழைய டென்னிஸ் பந்துகளைப் பேஸ்லைனிலிருந்து எதிர்ப்பக்கப் பேஸ்லைனை நோக்கி உயரமாக வீசச் சொல்வது நல்லது. வீச்சு எவ்வளவு தூரம் போகிறதோ அதையொட்டியே சர்வும் வளரும்.

ஒரு எச்சரிக்கை. முதுகை வில்லாக வளைத்துத் தலைக்குப் பின்னால் டாஸ் போட்டு அடிக்கும் முரட்டு கிக் சர்வை (தரையில் பட்டதும் பந்து உயர எழும்பும் சர்வை) பதினான்கு வயதுக்கு முன் பழக்கக் கூடாது. வளரும் முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் அழுத்த முறிவு ஏற்படுவது இளம் டென்னிஸ் ஆட்டக்காரர்களிடம் அறியப்பட்ட பிரச்சினை. டாஸைத் தலைக்கு வலப்புறமாகச் சற்று முன்னால் வைத்து, பக்கவாட்டுச் சுழலான ஸ்லைஸும் டாப்ஸ்பின்னும் கலந்த சர்வை வளர்த்தால் போதும். சர்வ் செய்யும்போது முதுகு வலிக்கிறது என்று பிள்ளை இரண்டு வாரத்துக்கு மேல் சொன்னால் தைலம் தடவி அனுப்பாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

உடல்

பளு தூக்கினால் வளர்ச்சி நின்றுவிடும் என்ற அச்சம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. மேற்பார்வையோடு, சரியான முறையில், குறைந்த எடையோடு செய்யப்படும் வலுப் பயிற்சி பிள்ளைகளுக்குக் கேடு செய்வதில்லை. பதின்மூன்று வயதுவரை இரும்பே தேவைப்படாது என்பது வேறு விஷயம். உட்கார்ந்தெழுதல், முன்கால் வைத்து இறங்குதல், தண்டால், பிளாங்க், கயிறு தாண்டுதல், குறுந்தூர ஓட்டம், மெடிசின் பால் வீச்சு ஆகியவற்றை வாரத்துக்கு இரண்டு மூன்று நாள்கள், அரை மணி நேரம் செய்தால் போதும். ரப்பர் பட்டையை வேலியில் கட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டி முன்கையை வெளிப்புறமாக இழுக்கும் பயிற்சியை மட்டும் விட்டுவிடக் கூடாது. வேகமாக வீசும் தோளை நிறுத்திப் பிடிக்கும் தசைகளுக்கு அதுதான் வலுவூட்டும், பிரேக் பலமாக இல்லாத தோள் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். முட்டை, பருப்பு, சுண்டல், தயிர், நிலக்கடலை என்று வீட்டில் இருப்பதே உணவுக்குப் போதும். சிறிய பிள்ளைகள் பயிற்சிக்குப் பின் பசியில்லை என்று தட்டைத் தள்ளிவிட்டுத் தூங்கிவிடுவதைத்தான் கவனிக்க வேண்டும்.

முன்னேற்றத்தை அளந்துபார்க்க வேகமானி வேண்டியதில்லை. ஆட்டக்காரரின் திறனை எண்ணால் குறிக்கும், சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் ஐ.டி.என். மதிப்பீட்டில், கோர்ட்டுக்குள் விழுந்த பந்து இரண்டாம் முறை எங்கே விழுகிறது என்பதை வைத்துத்தான் அடியின் வலுவைக் கணக்கிடுகிறார்கள். அதையே நாமும் செய்யலாம். பத்துப் பந்துகளைத் தட்டிக்கொடுத்து, உள்ளே விழுந்த ஒவ்வொன்றின் இரண்டாம் தடத்தையும் குறித்துக்கொண்டு, பேஸ்லைனிலிருந்து எத்தனை காலடி என்று நோட்டில் எழுதி வைக்க வேண்டும். மண் தளமென்றால் தடம் தானே தெரியும், கடினத் தளமென்றால் ஒருவர் சுண்ணக்கட்டியோடு நிற்க வேண்டியிருக்கும். மாதம் ஒருமுறை, ஒரே ரகப் பந்தோடு செய்தால் போதும். வெளியே போன பந்துக்கு மதிப்பெண் இல்லை என்பதால், வலுவும் கட்டுப்பாடும் ஒரே கணக்கில் அடங்கிவிடும்.

அந்த நோட்டிலேயே உயரத்தையும் மாதந்தோறும் எழுதி வர வேண்டும். பெண் பிள்ளைகள் சராசரியாகப் பன்னிரண்டு வயதையொட்டியும் ஆண் பிள்ளைகள் பதினான்கையொட்டியும் மிக வேகமாக வளர்கிறார்கள். அப்போது கைகால் நீளம் மாறுவதால், நேற்றுவரை நடுவில் பட்ட பந்து இன்று விளிம்பில் படும். முழங்காலின் கீழும் குதிகாலிலும் வலி வரும். உயரம் சட்டென்று ஏறத் தொடங்கியதும் குதித்தல் பயிற்சிகளையும் சர்வ்களின் எண்ணிக்கையையும் குறைத்துக்கொண்டு, தட்டிக்கொடுத்த பந்துகளைப் பேஸ்லைனுக்கு உள்ளே நின்று நிதானமாக அடிக்கும் பயிற்சிக்குச் சில வாரங்கள் திரும்ப வேண்டும். பந்து மறுபடி நடுவில் படத் தொடங்கி, இரண்டாம் தடம் பழைய இடத்தைத் தாண்டியபின்தான் 26 அங்குலத்திலிருந்து 27 அங்குல ராக்கெட்டுக்கு மாற வேண்டும். அதிலும் முதலில் 260, 270 கிராம் எடையுள்ளதாகப் பார்த்து, முடிந்தால் வாங்குவதற்கு முன் யாரிடமாவது இரவல் பெற்று ஒரு வாரம் ஆடிப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.